குற்றப் பட்டியலில் கேரளம் பீகாரை மிஞ்சுவது எப்படி? காவல் நிலையப் பதிவும் நடப்பும்

நாஞ்சில் வாசகன், நாகர்கோவில் – கேள்வி

எங்கள் ஊர் வாசகர் வட்டத்தில் "தென்மாநிலங்களில் குற்றம் பெருகிவிட்டதா?" என்னும் தலைப்பில் பேச ஒப்புக்கொண்டேன். அதற்காகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கைகளைப் படித்துவருகிறேன். படிக்கப் படிக்கத் தெளிவு பிறப்பதற்குப் பதிலாகக் குழப்பமே மிகுகிறது.

பெருந்தொற்றுக்கு முந்தைய 2019-ஆம் ஆண்டை எடுத்துக்கொண்டேன். அவ்வாண்டு இந்திய தண்டனைச் சட்டத்தின் கீழ்ப் பதிவான வழக்குகள் கேரளத்தில் 1,75,810, பீகாரில் 1,97,935, உத்தரப் பிரதேசத்தில் 3,53,131. மக்கள்தொகையால் வகுத்தால், ஒரு லட்சம் பேருக்குக் கேரளத்தில் ஏறத்தாழ ஐந்நூறு வழக்குகளும் மற்ற இரண்டு மாநிலங்களில் நூற்றறுபதை ஒட்டியும் வருகின்றன. பீகாரைவிடக் கேரளத்தில் மூன்று மடங்கு குற்றம் என்றுதான் இதைப் படிக்க வேண்டுமா? எல்லையிலுள்ள களியக்காவிளையைத் தாண்டிக் கேரளத்துக்கு அடிக்கடி போய்வருகிற எனக்கு இது நம்பும்படியாக இல்லை. ஆயினும் என் நம்பிக்கையின்மையை ஆதாரமாகக் காட்டி மேடையில் பேச முடியாது.

தமிழ்நாட்டின் எண்கள் இதைவிட விந்தையாக இருக்கின்றன. 2019-இல் 1,68,116 வழக்குகள், 2020-இல் 8,91,700, 2021-இல் 3,22,852. ஊரே கதவடைத்துக் கிடந்த ஆண்டில் குற்றம் ஐந்து மடங்கானது எப்படி?

இந்த எண்கள் உண்மையில் எதை அளக்கின்றன, குற்றம் கூடுகிறதா குறைகிறதா என்று சொல்ல இவற்றில் எதை நம்பலாம் என்பதே என் கேள்வி. காவல்துறையிலும் நீதிமன்றத்திலும் அனுபவம் உள்ளவர்கள் இங்கே இருப்பதால் கேட்கிறேன்.

ஓய்வுபெற்ற எழுத்தர்

ஐயா, காவல் நிலையங்களில் எழுத்தராகவும், பிறகு மாவட்டக் குற்ற ஆவணப் பிரிவிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் தங்களுடைய இரண்டாவது புதிரை முதலில் அவிழ்க்கிறேன், ஏனென்றால் அது எளிது. 2020-இல் கூடியது பெரும்பாலும் 188-ஆம் பிரிவு வழக்குகள், அதாவது அரசு ஊழியர் பிறப்பித்த உத்தரவை மீறியதற்கான வழக்குகள். நாடு முழுவதும் 2019-இல் 29,469 ஆக இருந்த இவ்வழக்குகள் 2020-இல் 6,12,179 ஆயின. அதில் பெரும்பங்கு நம்முடையது. ஊரடங்கு நாளில் காரணமின்றி வண்டியில் சுற்றியவர் மீது போட்ட வழக்கும் ஒரு கொலை வழக்கும் மொத்தக் கூட்டலில் ஒன்றுக்கு ஒன்று சமம். எனவே மொத்த எண்ணிக்கையை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். அது வெவ்வேறு எடையுள்ள பொருள்களை எடை பாராமல் எண்ணிக்கையால் கூட்டிய தொகை.

அதே 2020-இல் பெண்களுக்கு எதிரான குற்ற வழக்குகள் நாடு முழுவதும் 4,05,326-லிருந்து 3,71,503 ஆகக் குறைந்ததையும் சேர்த்துப் பாருங்கள். அடிக்கிற கணவன் நாள் முழுவதும் வீட்டிலேயே இருக்க, பேருந்தும் ஓடாத நாள்களில் ஒரு பெண் மகளிர் காவல் நிலையம் வரை எப்படி வந்து சேர்ந்திருப்பாள்?

இனி, ஒரு சம்பவம் எப்படி எண்ணாக மாறுகிறது என்பதைச் சொல்கிறேன். புகார் மனுவோடு வருபவருக்குத் தமிழ்நாட்டில் வழக்கமாக முதலில் கிடைப்பது சி.எஸ்.ஆர். என்னும் மனு ரசீது. சமுதாயப் பணிப் பதிவேட்டில் மனுவை ஏற்றி ஓர் எண் கொடுப்பார்கள். பலர் அதையே வழக்குப் பதிவு என்று நினைத்து நிம்மதியாகப் போய்விடுவார்கள். ஆனால் அந்த மனு விசாரிக்கப்பட்டு, முதல் தகவல் அறிக்கையாகிக் குற்ற எண் பெற்றால்தான் கணினி வலைப்பின்னல் வழியாக மாவட்டத்துக்கும், அங்கிருந்து மாநிலக் காப்பகத்துக்கும், அங்கிருந்து டெல்லிக்கும் போகும். இருதரப்பையும் அழைத்துப் பேசி, எழுதி வாங்கி முடித்து வைத்த மனு மாநிலத் தலைநகரைக்கூட எட்டாது. இப்படி முடிக்கப்படுவதில் நியாயமானவையும் உண்டு, வேலித் தகராறு போல. ஆனால் நியாயமற்றவை எத்தனை என்று சொல்ல எந்தப் பதிவேடும் இல்லை.

பதிவு செய்யத் தயங்குவதற்குக் காரணம் எப்போதும் பணமோ அரசியலோ ஆகாது. அதை வெளியில் இருப்பவர்கள் அறிவதில்லை. மாதந்தோறும் குற்ற ஆய்வுக் கூட்டம் நடக்கும். போன ஆண்டு இதே மாதத்தில் உங்கள் நிலையத்தில் எத்தனை திருட்டு, இந்த ஆண்டு எத்தனை, கண்டுபிடித்தது எத்தனை, மீட்ட சொத்து எவ்வளவு என்று வரிசையாகக் கேட்பார்கள். துப்புக் கிடைக்க வாய்ப்பில்லாத ஒரு கைப்பேசித் திருட்டைப் பதிவு செய்யும் ஆய்வாளர், தன் கண்டுபிடிப்பு விகிதத்தைத் தானே குறைத்துக்கொள்கிறார். எனவே "தொலைந்துவிட்டது என்று எழுதிக் கொடுங்கள், புதிய சிம் வாங்க அது போதும்" என்ற அறிவுரை பிறக்கிறது. திருட்டு ஒன்று குறைந்துவிட்டது. கைப்பேசி திரும்பி வரவில்லை.

எண்ணும் முறையிலேயே உள்ள இன்னொரு விதியும் உண்டு. ஒரே முதல் தகவல் அறிக்கையில் பல பிரிவுகள் இருந்தால், அவற்றுள் மிகக் கடுமையான தண்டனைக்குரிய ஒன்று மட்டுமே கணக்கில் ஏறும். வீடு புகுந்து நகையைப் பறித்து மூதாட்டியைக் கொன்றுவிட்டுப் போனால் அது கொலைப் பட்டியலில் இருக்கும், கொள்ளைப் பட்டியலில் இருக்காது. இது இரட்டை எண்ணிக்கையைத் தவிர்ப்பதற்கான விதி, இதில் சூது ஏதும் இல்லை. ஆனால் சிறிய தலைப்புகளை எல்லாம் இது மெலியச் செய்துவிடும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

புள்ளியியல் ஆசிரியை, கோயம்புத்தூர்

எழுத்தர் ஐயா சொன்னதையொட்டிக் கேரளக் கேள்விக்கு வருகிறேன். அரசு மருத்துவமனையின் வெளிநோயாளிப் பதிவேட்டைப் பார்த்து ஊரின் நோயை மதிப்பிடுவதில் என்ன சிக்கலோ அதுவே இங்கும்: மருத்துவமனை அருகில் இருந்து, மருத்துவரும் முகம் கொடுத்துப் பேசினால் பதிவேடு நிரம்பும். கேரளத்தில் எழுத்தறிவும், அமைப்பாகத் திரண்டு நியாயம் கேட்கும் வழக்கமும் மிகுதி. கவனக்குறைவாக வண்டி ஓட்டியதற்கான, இந்திய தண்டனைச் சட்டத்தின் 279-ஆம் பிரிவு போன்ற சிறு வழக்குகளும் அங்கே தாராளமாகப் பதிவாகி மொத்தத்தை உயர்த்தின.

இதைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. மறைக்க மிகக் கடினமான குற்றம் எதுவோ அதை எடுத்துப் பாருங்கள். கொலையில் உடல் இருக்கிறது, பிணக்கூராய்வு இருக்கிறது, கேட்க உறவினர்கள் இருக்கிறார்கள். 2022-இல் பீகாரில் 2,930 கொலை வழக்குகள். கேரளத்தில் முந்நூற்றுச் சொச்சம். லட்சம் பேருக்குப் பீகாரில் இரண்டுக்கு மேல், கேரளத்தில் ஒன்றுக்கும் கீழ். மொத்த வழக்குகளில் மூன்று மடங்கு மேலே நின்ற மாநிலம் கொலையில் பாதிக்கும் கீழே போய்விடுகிறது. இரண்டு அட்டவணைகளும் ஒரே சமயத்தில் வன்முறையின் அளவைக் காட்டுவதாக இருக்க முடியாது. இவற்றுள் நான் கொலை அட்டவணையையே நம்புவேன்.

ஆனால் அங்கேயும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. அதே 2022-இல் உத்தரப் பிரதேசத்தில் கொலை வழக்குகள் 3,491, லட்சத்துக்கு 1.5. தமிழ்நாட்டில் 2.2. இதை வைத்து உத்தரப் பிரதேசமே நம்மைவிட அமைதியானது என்று ஒருவர் எழுதலாம், எழுதியும் இருக்கிறார்கள். வரதட்சணை மரணம் என்பது கொலையிலிருந்து பிரிக்கப்பட்டுத் தனித் தலைப்பில் எண்ணப்படுகிறது என்பதை அவர்கள் கவனிப்பதில்லை. அந்தத் தலைப்பில் அவ்வாண்டு நாடு முழுவதும் 6,450 வழக்குகள், அவற்றில் 2,138 உத்தரப் பிரதேசத்தில். தமிழ்நாட்டில் ஐம்பதைக்கூடத் தொடவில்லை. இரண்டையும் கூட்டினால் உத்தரப் பிரதேசம் லட்சத்துக்கு 2.4 ஆகி நம்மைக் கடந்து செல்கிறது. திருமணமான ஏழு ஆண்டுகளுக்குள் நேர்ந்த தற்கொலைகளும் வரதட்சணை மரணத்தில் அடங்கும் என்பதால் இந்தக் கூட்டல் சற்று மிகையானதே. ஆயினும் எந்தத் தலைப்பில் எதை வைக்கிறார்கள் என்று பாராமல் தரவரிசை போடுவதன் ஆபத்தைக் காட்ட இது போதும்.

தமிழ்நாட்டைப் பற்றி நாம் மகிழ்ந்துகொள்ளும் ஓர் எண்ணையும் இங்கே கிளற வேண்டியிருக்கிறது. கணவனும் அவனுடைய உறவினரும் இழைக்கும் கொடுமைக்கான 498-ஏ பிரிவில் தமிழ்நாட்டில் ஆண்டுக்குச் சில நூறு வழக்குகளே பதிவாகிவந்தன. மேற்கு வங்கத்தில் 2021-இல் மட்டும் ஏறக்குறைய 20,000. இதை நம் மாநிலப் பெண்களின் பாதுகாப்புக்குச் சான்றாக மேடைகளில் சொல்வார்கள். ஆனால் 2019–21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், திருமணமான பெண்களுள் கணவனின் வன்முறைக்கு என்றேனும் ஆளானதாகத் தமிழ்நாட்டில் சொன்னவர்கள் சுமார் 38 விழுக்காடு. தேசிய அளவு 29 விழுக்காடுதான். கணக்கெடுப்பாளர் வீட்டுக்கே வந்து, தனியாக உட்கார வைத்து, "அறைந்தாரா, தள்ளினாரா, எட்டி உதைத்தாரா" என்று ஒவ்வொன்றாகக் கேட்டபோது வந்த விடை அது. அதே கணக்கெடுப்பில், வன்முறைக்கு ஆளானவர்களுள் யாரிடமேனும் உதவி நாடியவர்கள் நாடு முழுவதும் 14 விழுக்காடே. அந்த "யாரிடமேனும்" என்பதில் பிறந்த வீடும் தோழியும் அடக்கம், காவல் நிலையம் வெகு தொலைவில் கடைசியாக வரும்.

தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் 1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் திறக்கப்பட்டது. இன்று அவை மாநிலம் முழுவதும் இருக்கின்றன. அங்கே வரும் குடும்பப் புகார்களில் பெரும்பகுதி ஆலோசனைக்கும் சமரசத்துக்கும் போகிறது. எழுத்தர் ஐயா சொன்ன மனு ரசீதோடு நின்றுவிடுகிறது. அந்தச் சமரசத்தைப் பல பெண்களே விரும்பி வேண்டுகிறார்கள் என்பதையும் மறுக்க மாட்டேன். நான் மறுப்பது, சில நூறு வழக்குகள் என்பதைச் சில நூறு கொடுமைகள் என்று படிப்பதை மட்டுமே.

இதற்கு எதிர்த்திசையிலும் ஆய்வு உண்டு. உள்ளாட்சிகளில் பெண்களுக்கு இடஒதுக்கீடு வெவ்வேறு மாநிலங்களில் வெவ்வேறு ஆண்டுகளில் நடைமுறைக்கு வந்ததைப் பயன்படுத்திப் பொருளியலாளர்கள் சிலர் 2012-இல் வெளியிட்ட கட்டுரையில், இடஒதுக்கீட்டுக்குப் பிறகு பெண்களுக்கு எதிரான குற்ற வழக்குகள் கணிசமாக உயர்ந்ததையும், அந்த உயர்வு பெரும்பாலும் துணிந்து புகார் கொடுத்ததால் வந்தது என்பதையும் காட்டினார்கள். எனவே சில தலைப்புகளில் வளைகோடு மேலே போனால் வருந்துவதற்கு முன் ஒருமுறை யோசிக்கலாம்.

வழக்குரைஞர், மதுரை

ஆசிரியை அம்மாவின் கருத்தோடு எனக்குப் பெரிய முரண்பாடு இல்லை. ஆனால் "எண்ணிக்கை கூடினால் நல்லது" என்னும் வாதம் எங்கே போய் முடிகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். எண்ணிக்கை கூடினால் "நாங்கள் ஒளிவுமறைவின்றிப் பதிவு செய்கிறோம்" என்பதும், குறைந்தால் "சட்டம் ஒழுங்கு மேம்பட்டுவிட்டது" என்பதும் எல்லாக் கட்சி அரசுகளும் கையாளும் விளக்கங்கள். எந்தத் திசையில் போனாலும் அரசுக்கே வெற்றி என்றால், அந்த எண்ணை வெளியிடுவதில் பொருளில்லை. குற்ற ஆவணக் காப்பகமே தன் அறிக்கையில், பதிவு கூடுவதும் குற்றம் கூடுவதும் வெவ்வேறு என்று எச்சரிக்கிறது. சரியான எச்சரிக்கைதான், அது சாக்காக மாறாமல் பார்த்துக்கொள்வது நம் வேலை.

ராஜஸ்தானை எடுத்துக்கொள்வோம். 2019-இல், காவல் நிலையம் புகாரை ஏற்க மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்திலேயே வழக்குப் பதியலாம் என்று அங்கே ஏற்பாடு செய்தார்கள். அதே ஆண்டு 5,997 வழக்குகளோடு பாலியல் வன்கொடுமைப் பட்டியலில் அம்மாநிலம் முதலிடத்துக்கு வந்தது, 2021-இல் 6,337. ஆளுங்கட்சி பதிவுக் கொள்கையைக் காரணம் காட்டியது, எதிர்க்கட்சி சீரழிவு என்றது. இதில் யார் சொல்வது சரி என்று அந்த எண்ணை மட்டும் வைத்துத் தீர்க்க முடியாது. நான் கேட்கும் துணைக் கேள்விகள் வேறு: நீதித்துறை நடுவர் உத்தரவிட்ட பிறகு பதிவான வழக்குகளின் பங்கு குறைந்ததா? சம்பவத்துக்கும் முதல் தகவல் அறிக்கைக்கும் இடையிலான நாள்கள் குறைந்தனவா? இவ்விரண்டும் குறைந்திருந்தால் நிலையத்தின் கதவு உண்மையிலேயே திறந்திருக்கிறது என்று நம்புவேன். நீதிமன்றத்தில் தனிப் புகார் போட்டு, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 156(3)-இலும் இப்போது புதிய நடைமுறைச் சட்டத்தின் 175(3)-இலும் உத்தரவு வாங்கிய பிறகே பதிவாகும் ஒவ்வொரு வழக்கும், ஏதோ ஒரு நிலையம் முதலில் திருப்பி அனுப்பிய வழக்கு.

சட்டம் இதில் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் நடந்ததாகப் புகாரில் தெரிந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்தே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு லலிதா குமாரி வழக்கில் 2013 நவம்பர் 12 அன்று தீர்ப்பளித்தது. காணாமற்போன ஒரு சிறுமியின் தந்தை கொடுத்த புகாரைப் பதிவு செய்யாததில் தொடங்கிய வழக்கு அது. குடும்பத் தகராறு, வணிகத் தகராறு, மருத்துவக் கவனக்குறைவு, ஊழல், நெடுநாள் தாமதமான புகார் போன்ற சிலவற்றுக்கு மட்டும் முதற்கட்ட விசாரணை அனுமதிக்கப்பட்டது. அதே 2013-இல், பெண்களுக்கு எதிரான குறிப்பிட்ட குற்றங்களைப் பதிய மறுக்கும் அதிகாரிக்கு ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கும் 166-ஏ பிரிவும் வந்தது. பாலியல் வன்கொடுமையின் வரையறையும் அப்போதே விரிந்தது. 2012-இல் 24,923 ஆக இருந்த அவ்வழக்குகள் 2013-இல் 33,707 ஆனதில் புதிய வரையறைக்கு எவ்வளவு பங்கு, அதிகாரியின் அச்சத்துக்கு எவ்வளவு, 2012 டிசம்பரில் டெல்லியில் நடந்த கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்குப் பிறகு பெண்களுக்குப் பிறந்த துணிவுக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்பவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

இனி வரும் ஆண்டுகளுக்கும் ஓர் எச்சரிக்கை. 2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறையில் உள்ளன. மூன்று முதல் ஏழு ஆண்டுக்குக் குறைவான தண்டனைக்குரிய குற்றங்களில், துணைக் கண்காணிப்பாளரின் அனுமதியோடு பதினான்கு நாளுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்தலாம் என்று புதிய நடைமுறைச் சட்டத்தின் 173(3) சொல்கிறது. லலிதா குமாரி தீர்ப்பு அடைத்த கதவைச் சட்டமே சற்றுத் திறந்துவிட்டது என்பது என் கருத்து. மாற்றுக் கருத்துள்ள நண்பர்களும் இருக்கிறார்கள். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பறிப்பு என்பது 304-ஆம் பிரிவில் தனிக் குற்றமாகியிருக்கிறது. சங்கிலிப் பறிப்பை நேற்று வரை சில நிலையங்கள் திருட்டு என்றும் சில வழிப்பறி என்றும் எழுதிவந்தன. இனி மூன்று தலைப்புகளிலும் எண்கள் இடம்பெயரும். 2023-ஐயும் 2025-ஐயும் அருகருகே வைத்து "வழிப்பறி குறைந்தது" என்று யாரேனும் சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

செய்தி மேசைக்காரன்

பத்திரிகையின் பங்கையும் யாராவது சொல்ல வேண்டும் என்பதால் எழுதுகிறேன். குற்றச் செய்தியாளர் பெரும்பாலும் காவல்துறை தரும் செய்திக்குறிப்பிலிருந்துதான் நாளைத் தொடங்குகிறார். எந்த வழக்கில் கைது நடந்ததோ அது செய்தியாகும். கண்டுபிடிக்கப்படாத நூறு திருட்டுகள் செய்தியாகா. ஒரு மாவட்டத்தில் கொலை எட்டிலிருந்து பன்னிரண்டானால் "50 விழுக்காடு உயர்வு" என்று தலைப்பிடுவதும் எங்கள் தொழிலின் நோய்.

அறிக்கை தாமதமாக வருவதும் ஒரு காரணம். 2017-ஆம் ஆண்டின் அறிக்கை 2019 அக்டோபரில்தான் வந்தது. கும்பல் படுகொலை பற்றித் திரட்டப்பட்ட விவரம் அதில் இடம்பெறவில்லை. 2023-ஆம் ஆண்டுக்குரியது 2025 செப்டம்பர் இறுதியில் வெளியானது. அதுவரை வதந்திக்கும் அரசியல் மேடைக்கும் போட்டியாக எடுத்து வைக்க எங்களிடம் எண் இருப்பதில்லை.

இணையக் குற்றத்தைப் பற்றி இங்கே யாரும் பேசவில்லை. இடைவெளி மிகப் பெரிதாக இருப்பது அங்கேதான். 1930 என்ற உதவி எண்ணும் தேசிய இணையக் குற்றப் புகார்த் தளமும் வந்த பிறகு, 2022-இல் அந்தத் தளத்தில் சேர்ந்த புகார்கள் 10.29 லட்சம். அதே ஆண்டு குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் இணையக் குற்ற வழக்குகள் 65,893. நூற்றுக்கு ஆறோ ஏழோ. புகார்கள் எல்லாமே தனித்தனிக் குற்றங்கள் என்று சொல்லிவிட முடியாது, ஒருவரே இருமுறை பதிவதும் உண்டு. இருந்தாலும் எவ்வளவு கழித்தாலும் மிச்சம் பெரிது. 2024-இல் புகார்கள் 22.68 லட்சமாகிவிட்டன.

வடமராட்சியான், லண்டன்

நான் வாழும் நாட்டின் அனுபவத்தையும் சொல்கிறேன், ஏனெனில் பொலிஸ் பதிவேட்டின் கோளாறு இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பொலிசார் பதிந்த குற்ற எண்களுக்கு வழங்கப்பட்டிருந்த தேசியப் புள்ளிவிவரம் என்ற தகுதியை 2014 ஜனவரியில் புள்ளிவிவர ஆணையம் திரும்பப் பெற்றுக்கொண்டது. பெருநகரப் பொலிசைச் சேர்ந்த ஜேம்ஸ் பேட்ரிக் என்ற காவலர், முறைப்பாடுகள் எப்படிக் கீழிறக்கி எழுதப்படுகின்றன என்று நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சியம் அளித்ததன் பின்னர் அது நடந்தது. அதே ஆண்டு நவம்பரில் வெளியான பொலிஸ் பணியைச் சோதித்தறியும் கண்காணிப்பு அமைப்பின் அறிக்கை, முறையிடப்பட்ட குற்றங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று, ஆண்டுக்கு எட்டு லட்சத்துக்கும் மேல், பதிவே ஆகவில்லை என்று கண்டது. பாலியல் குற்றங்களில் நான்கில் ஒன்று.

இங்கே தப்பிக்க வழி இருந்ததற்குக் காரணம், 1982 முதல் பல்லாயிரம் வீடுகளுக்குச் சென்று "கடந்த ஓராண்டில் உங்களுக்கு என்ன நேர்ந்தது" என்று நேரடியாகக் கேட்கும் ஆய்வு ஒன்று நடந்து வருவதுதான். அந்த ஆய்வின்படி குற்றம் 1995-இல் உச்சம் தொட்டு அதன்பின் நெடுங்காலம் இறங்கியது. ஆனால் 2002-இல் பதிவு விதிகளை ஒழுங்குபடுத்திய உடனே பொலிஸ் எண்கள் ஏறின. இரண்டையும் அருகில் வைத்துப் பார்த்ததால் மக்கள் அந்த ஏற்றத்தின் காரணத்தை அறிந்தார்கள். பத்திரிகைகள் அறிய விரும்பவில்லை என்பது வேறு. ஆய்வும் குறையற்றதன்று: நிதி மோசடியையும் கணினிக் குற்றத்தையும் நெடுநாள் கேட்கவே இல்லை, கேட்கத் தொடங்கியதும் 2016–17 வாக்கில் மொத்தம் ஏறக்குறைய இரட்டிப்பாயிற்று.

இந்தியாவில் இப்படியான ஆய்வு தேசிய அளவில் தொடர்ச்சியாக நடப்பதில்லை. தனியார் அமைப்புகள் முயன்றிருக்கின்றன. பொதுநலவாய மனித உரிமை முன்முயற்சி 2015-இல் டெல்லியிலும் மும்பையிலும் நடத்தியது, ஐ.டி.எஃப்.சி. நிறுவனம் 2017-இல் வெளியிட்ட ஆய்வு சென்னையையும் பெங்களூரையும் சேர்த்து நான்கு நகரங்களில் சுமார் இருபதாயிரம் வீடுகளைக் கண்டது. திருட்டுக்கு ஆளான வீடுகளில் முதல் தகவல் அறிக்கை வரை போனவை பத்தில் ஒன்றுக்கும் குறைவு என்பது அதன் கணக்கு.

நாஞ்சில் வாசகன்

அனைவருக்கும் நன்றி. மொத்த எண்ணிக்கையையும் மாநிலத் தரவரிசையையும் என் பேச்சிலிருந்து எடுத்துவிடுகிறேன். ஆனால் "எதையும் நம்ப முடியாது" என்று சொல்லி மேடையிலிருந்து இறங்க எனக்கு மனமில்லை. குற்றம் கூடியதா குறைந்ததா என்ற கேள்விக்கு ஓரளவேனும் தாங்கி நிற்கும் விடை உண்டா?

புள்ளியியல் ஆசிரியை, கோயம்புத்தூர்

உண்டு. கொலையை நீண்ட காலத்துக்கு எடுத்துப் பாருங்கள். 1992-இல் நாடு முழுவதும் ஏறத்தாழ 40,000 கொலை வழக்குகள், 2022-இல் 28,522, 2023-இல் 27,721. இடைப்பட்ட காலத்தில் மக்கள்தொகை அரைமடங்குக்கு மேல் கூடியிருக்கிறது. எனவே லட்சத்துக்கு நான்கரையை ஒட்டியிருந்த விகிதம் இரண்டை ஒட்டி வந்துவிட்டது. இவ்வளவு பெரிய சரிவைப் பதிவேட்டின் கோளாறால் மட்டும் விளக்கிவிட முடியாது. உயிர் போகும் வன்முறை உண்மையாகவே குறைந்திருக்கிறது என்று நீங்கள் தயங்காமல் சொல்லலாம். இரண்டாவதாக வாகனத் திருட்டைப் பாருங்கள். காப்பீட்டுத் தொகை வாங்க முதல் தகவல் அறிக்கை வேண்டும் என்பதால் உரிமையாளர் விடமாட்டார்; நிலையமும் எழுதித்தான் ஆக வேண்டும். பழைய, காப்பீடு காலாவதியான இருசக்கர வாகனங்கள் மட்டும் இதில் விடுபடும்.

குடும்ப வன்முறைக்குக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் அடுத்தடுத்த சுற்றுகளை ஒப்பிடுங்கள், காவல்துறை எண்ணை வேண்டாம். இணைய மோசடி பெருகுகிறது என்று சொல்லப் புகார்த் தளத்தின் எண் துணை செய்யும். எத்தனை மடங்கு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், ஏனென்றால் உதவி எண் பரவலாகத் தெரியவந்ததும் அதே ஆண்டுகளில்தான்.

ஒரு சிறு குறிப்பு. விகிதம் கணக்கிடும்போது 2011-க்குப் பிந்தைய மக்கள்தொகை எல்லாமே கணிப்புதான். 2021-இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போயிற்று. திருப்பூர் போல வெளியூர்த் தொழிலாளர்கள் பெருமளவில் வந்து தங்கும் இடங்களில் கணிப்பு மக்கள்தொகை உண்மையைவிடக் குறைவாக இருந்தால், குற்ற விகிதம் தானாகவே மிகையாகத் தெரியும். வாசகர் வட்டத்தில் யாரேனும் மாவட்டவாரியான விகிதத்தை எடுத்து வைத்து, வெளியூர்க்காரர்களால்தான் குற்றம் பெருகியது என்று வாதிட்டால், வகுத்த மக்கள்தொகை எந்த ஆண்டினுடையது என்று முதலில் கேளுங்கள்.